பொடி டப்பாக்கள் வந்து சேர்ந்தன

அன்பு மகனுக்கு,

எந்த வேளையில் நீ இதைப் பிரித்தாலும் அந்த வேளையில் அல்லாஹ் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அதனால் நான் மாடிக்கே போவதில்லை, அதுவும் நானும் சமாதானமாக இருக்கிறோம்.

அந்தக் குளிர் தேசத்தில் உன்னோடு வேலை பார்க்கும் திருச்சிக்காரத் தம்பி போன வாரம் வீட்டைத் தேடிப் பிடித்து வந்து நீ கொடுத்துவிட்ட பையைக் கொடுத்தார். ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிரியாணி வாங்கிவரச் சொல்கிறேன், செத்த நேரம் இருங்கள் என்றேன். அம்மா சமைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லி, டீயை மட்டும் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார். லீவில் வந்த பிள்ளையைத் தப்புச் சொல்ல முடியாது. ஆட்டோ திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்து பையை மேஜையில் கவிழ்த்தேன். நீலம், பச்சை, வெள்ளை, சிவப்பு, கருப்பு என்று மூக்குப்பொடி டப்பாக்கள் உருண்டு ஓடின. ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுக்க முடியாமல் துடைப்பக் கட்டையால் தள்ளி எடுத்தேன். அத்தனையையும் ஜன்னல் விளிம்பில் அடுக்கியபோது நான் கடை வைத்துவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது.

அன்று சாயங்காலம் போனில் நீ, "எது பிடிச்சிருக்குன்னு சொல்லுங்கத்தா, அடுத்த தடவ அதையே சேத்து அனுப்புறேன்" என்றாய். அதே மூச்சில், இந்த வருஷமும் பெருநாளைக்கு வர முடியாது போலிருக்கிறது, அதனால்தான் நிறையக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னாய். எல்லாம் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ ரயிலில் இருந்தாய், குரல் வெட்டி வெட்டி வந்தது. கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள். எனக்கு வேறு வேலை இல்லை என்பது உனக்கே தெரியும்.

முதலில் அந்த வெள்ளை டப்பாவை முடித்துவிடுகிறேன். அதில் புகையிலையே கிடையாது, குளுக்கோஸ் மாவும் புதினா உப்பும்தான் என்று நீ சொன்னாய். என் பழக்கத்தை மெல்ல மறக்கடிக்க நீ போட்ட திட்டம் அது என்று எனக்குத் தெரியாதா. போட்டுப் பார்த்தேன். மூக்கில் குளிர்ச்சி வந்தது, கூடவே, கடைக்குப் போய் எதுவும் வாங்காமல் திரும்பிய மாதிரி ஒரு வெறுமையும் வந்தது. சர்க்கரைச் சாமான் ஆயிற்றே, எறும்பு மொய்க்குமே என்று பயந்து, தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வைத்திருந்தேன். நம் வீட்டு எறும்பு எதையும் விடாது. அதுவே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி அதை வாங்கிக் காசைக் கரியாக்காதே. ஜலதோஷம் வந்தால் போட்டுக்கொள்கிறேன். மற்றபடி, நீ எந்தப் பொடியையும் பழகாதே. நல்ல பழக்கம் என்று நான் இதை ஒருநாளும் சொன்னதில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத்தோலைத் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. உப்பில் ஊறிய தோல் மலை மாதிரி குவிந்து கிடக்கும். மூக்கில் பொடி இல்லாமல் அதன் பக்கத்தில் காலை முழுக்க நிற்க யாராலும் முடியாது. ஷாப்பைப் பூட்டி வருஷங்கள் ஆகிவிட்டன. மூக்கு மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

நீல டப்பா, அதாவது புதினா உப்பு கலந்த பொடி, நீ முதல் வருஷம் கொண்டுவந்த ரகம். அதைப் பற்றி நினைத்தால் முத்தையா ஞாபகம்தான் வருகிறது. அகரத்திலிருந்து மல்லிகையும் சம்பங்கியும் ஏற்றிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்கு வருவாரே, அவர். எனக்கு நாற்றத்தை மறக்கப் பொடி வேண்டும், அவருக்கு வாசத்தை மறக்கப் பொடி வேண்டும். விடிந்ததிலிருந்து மல்லிகையை மோந்தவனுக்குத்தான் பாய் அதோட கொடுமை தெரியும் என்பார். வியாபாரம் முடிந்ததும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். யார் டப்பாவைத் திறந்தாலும் முதலில் மற்றவர் பக்கம் நீட்டிவிட்டுத்தான் தனக்கு எடுக்க வேண்டும். யாரும் போட்ட சட்டம் இல்லை. பொடி போடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான், நீட்டாமல் எடுத்தால் கை கூசும். அப்படித்தான் அன்று உன் நீல டப்பாவை நீட்டினேன். அவர் நம் பொடியை எடுப்பது போலவே இரண்டு விரல் நிறைய அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, உச்சி மண்டை வரை சர்ரென்று இழுத்துவிட்டார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது, டீக்கடைக்காரர் செம்புத் தண்ணீரோடு ஓடிவருகிறார். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முத்தையா சொன்னார்: "பொடின்னு சொல்லி மூக்குக்குள்ள ஐஸ்பொட்டிய வச்சுப்புட்டீகளே பாய்." நானும் முந்தின நாள் வீட்டில் அதே மாதிரி இழுத்து அதே பாடுபட்டவன்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஏன் அந்தப் பாடு என்று இருந்தது.

அந்த முத்தையா இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். நல்ல பிள்ளை, ஏழாவது மாடியில் தனி அறை கொடுத்து வைத்திருக்கிறான். பேரப்பிள்ளைகளுக்கு ஆகாது என்று பொடி போடுவதற்கு மட்டும் லிஃப்டில் கீழே இறங்கி கார் நிறுத்தும் இடத்துக்குப் போகிறாராம். போன மாதம் போன் செய்தார். "வாட்ச்மேன்கிட்ட நீட்டுறேன் பாய், வாங்கிக்கிறாரு. ஆனா ஒரு பேச்சுப் பேச முடியலையே, அவரு இந்திக்காரரு" என்றார். நீ என்னை உன்னிடமே வந்துவிடச் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுகிறேன் அல்லவா, ஏன் என்று இப்போது புரிந்துகொள். முன்பு ஒரு மாதம் நான் அங்கே வந்து உன்னோடு இருந்தபோது நீ என்னை ராஜா மாதிரிதான் வைத்திருந்தாய். ஆனால் காலையில் இருட்டோடு போய் இருட்டோடு வருவாய். எனக்கு இந்த ஊர்ப் பள்ளிவாசலின் பாங்குச் சத்தம் வேண்டும், தெருவில் போகிறவன் எவனாவது என்ன பாய் என்று கேட்க வேண்டும்.

சிவப்பு டப்பாவில் இருப்பது ஏதோ மஞ்சள் பழத்து வாசம், ஆப்ரிகாட் என்றாய். பச்சை டப்பாவில் செர்ரி. இரண்டும் நைசாக, லேசான ஈரத்தோடு இருக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் போடக் கூடாது, நெஞ்சைக் கரிக்கும். இட்லி சாப்பிட்டு, பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை போட்டால் கொஞ்ச நேரம் வீட்டில் யாரோ பழம் நறுக்குகிற மாதிரி இருக்கும். அதனாலேயே அதை அடிக்கடி திறப்பதில்லை. யார் நறுக்குகிறார்கள் என்று மனசு அடுப்படிப் பக்கம் திரும்பிவிடுகிறது.

கடைசியாகக் கருப்பு. அதன் பெயரை நீ எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் என் வாய்க்குள் நுழையவில்லை, ஷ்மால்ட்ஸ்லர் என்று எழுதியாவது விடுகிறேன். அதை எனக்கு அறிமுகம் செய்தது நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், உன் வீட்டுக்காரர். உங்கம்மா மவுத்தாகி என்னைத் தனியாக விட்டுப் போன பிறகு என்னை அங்கே கூட்டிப்போனாயே, நீ வேலைக்குப் போனதும் நான் கீழே இறங்கி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் நாள் அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. செத்த நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, தனக்கு எடுக்காமல், முதலில் என் பக்கம் நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போயும் அதே டீக்கடைப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. நீ முதன்முதலில் எனக்குப் பொடி வாங்கி வந்தபோது சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. "மாடிப்படில ஏறுறேன், வீட்டுக்காரரு டப்பாவத் தொறக்குறாரு. குப்புன்னு ஒங்க வாசம் வந்துச்சுத்தா. அப்படியே நின்னுட்டேன்" என்றாயே.

ஆனாலும் நான் உடனே தொடவில்லை. கருகருவென்று எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. என்ன கொழுப்போ, பன்றியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஆட்டிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. ராத்திரி நீ வந்ததும் அவரிடம் கேட்கச் சொன்னேன். நீ அவரிடமும் கேட்டு, மறுநாள் கடையிலும் விசாரித்து வந்து சொன்னாய்: அந்தக் காலத்தில் வெண்ணெயை உருக்கி ஊற்றிப் பிசைவார்களாம், இப்போது வாசமில்லாத ஏதோ ஒரு எண்ணெயாம். அட, நெய்யா என்றேன். நம் ஊர்ப் பொடியும் நெய் விட்டுப் பிசைந்ததுதானே. மறுநாள் அவர் நீட்டுவதற்கு முன்னாலேயே நான் கையை நீட்டினேன். மனிதர் சிரித்த சிரிப்பில் பொடி கொட்டிவிட்டது.

பிரேசில் நாட்டுப் புகையிலையை ஊறவைத்துப் பழுக்கப்போட்டு, ரவை மாதிரி கொரகொரப்பாக அரைத்தது அது. காய்ந்த திராட்சையும் கருப்பட்டியும் ஒரே டப்பாவில் கிடந்த வாசம். நம் பொடி மாதிரி அது அறையாது. கட்டைவிரலை நிமிர்த்தினால் மணிக்கட்டுக்கு மேலே ஒரு குழி விழும், அதில் சுண்டைக்காய் அளவு குவித்து, பூவை மோப்பது போல மெதுவாக எடுக்க வேண்டும். மூக்கு வாசலிலேயே அது தங்க வேண்டும். தொண்டைக்கு இறங்கினால் அவசரப்பட்டுவிட்டாய் என்று அர்த்தம். தும்மினால் அதுவும் அப்படித்தான். எடுத்தவுடன் மூக்கைச் சிந்தக் கூடாது, சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதில்தான் வாசம் ஒவ்வொன்றாக வரும். சாப்பாட்டுக்குப் பிறகு, அவசரமில்லாத நேரத்துக்கு உகந்தது. இதையெல்லாம் அவர் கையாலேயே செய்து காட்டினார். பதிலுக்கு நான் நம் முறையில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

ஒருநாள் மத்தியானம் எனக்கு உடம்பு சரியில்லை, கீழே போகவில்லை. அஸர் தொழுதுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் மட்டும் பெஞ்சில் இருக்கிறார். டப்பாவைத் திறந்தார். நான் உட்காரும் பக்கமாக நீட்டினார். கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு தனக்கு எடுத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ராத்திரி உன்னிடம் சொல்ல, நீயும் சிரித்தாய். அவருடைய மகள் வேறு ஊரில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவாள் என்று நீ அப்போது சொன்னாய்.

இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உங்கம்மா நாற்காலி நீ பார்த்த இடத்திலேயேதான் கிடக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நான் டப்பாவைத் திறந்தால் முதலில் அவள் பக்கம்தான் நீட்டுவேன். கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், டிவி பார்த்துக்கொண்டிருப்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்: "ச்சீ, அங்கிட்டுக் கொண்டு போங்க." அவள் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. நான் ஒரு தடவைகூட நீட்டாமல் இருந்ததில்லை. வாங்க மாட்டாள் என்று தெரிந்தும் எதற்கு நீட்டுகிறீர்கள் என்று உன் மாமா கேலி செய்வார்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவைத் திறந்துவிட்டேன். பழக்க தோஷம், கை தானாக அவள் பக்கம் போய்விட்டது. கண்ணை மூடியிருந்தவள் இரண்டு விரலைத் தூக்கி, அங்கிட்டு என்பது போல ஆட்டினாள். முகத்தில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. நீ வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. என்ன சொன்னாங்க அம்மா என்று நீ கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பொடி வேண்டாம் என்று சொன்னாள் என்பதை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது.

போன நோன்பில் பகல் முழுக்க டப்பாவைத் தொடவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பள்ளிவாசலில் எல்லாரோடும் உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்தேன், அங்கே ஒரே பேச்சும் கலகலப்பும். தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, அன்றைய முதல் சிட்டிகைக்கு டப்பாவைத் திறந்தால் கை நாற்காலிப் பக்கம் போய் நிற்கிறது. உன் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தோமே என்று வெட்கமாக இருந்தது. தனியாக இருப்பது கஷ்டமா என்று நீ போனில் கேட்பாய், பழகிவிட்டது என்பேன். பழகவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது கருப்புதான். ஆனால் சேர்த்து அனுப்பாதே. நம் ஊர் வெயிலுக்குத் திறந்த டப்பா சீக்கிரம் காய்ந்து மண்ணாகிவிடுகிறது. ஒரு துண்டு ஆப்பிள் போட்டு வைத்தால் ஈரம் நிற்கும் என்று உன் வீட்டுக்காரர் காட்டித் தந்திருந்தார். நான் நத்தம் மாங்காயில் ஒரு கீற்று வைத்தேன். பூஞ்சை பிடித்து டப்பாவையே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. திறக்காத டப்பாவை வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் அந்த அடுக்கைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் வருஷம் நீ உன் பையிலேயே ஒரு டப்பா கொண்டுவந்தாய். அது தீருவதற்குள் மறுபடி வந்தாய். வர முடியாத வருஷம் கூடுதலாக அனுப்பினாய். இந்த வருஷம் ஜன்னல் விளிம்பு நிறைந்துவிட்டது. இத்தனையும் தீரும் வரை நீ வர மாட்டாயோ என்று மனசு கணக்குப் போடுகிறது.

அதனால் ஒரே ஒரு கருப்பு டப்பா வாங்கு. சின்னது போதும். திருச்சித் தம்பியிடமோ வேறு யாரிடமோ கொடுத்துவிடாதே. பெருநாளைக்கு முடியாவிட்டால் போகிறது, உனக்கு லீவு கிடைக்கும் ஏதாவது ஒரு சாதாரண வாரத்தில் உன் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வா. அதுவரை, மாடிப்படி ஏறும்போது வீட்டுக்காரர் டப்பாவை நீட்டினால் அவசரமாகப் போய்விடாதே. நின்று, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

இங்கே வந்ததும் ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைக்காதே, காசைக் கொடுத்து அனுப்பிவிடு. உள்ளே வந்து உங்கம்மா நாற்காலியில் உட்கார். நான் டப்பாவைத் திறந்து உன் பக்கம் நீட்டுவேன். நீ வாங்கிவிடக் கூடாது. வேண்டாம் அத்தா என்று சொல். அதைக் கேட்டுவிட்டு நான் எனக்கு எடுத்துக்கொள்கிறேன்.

உன் அத்தா